ஒன்பது பெட்டி, ஒரே தலைவர்

வங்கி கவுன்ட்டரில் "சிஸ்டம் டவுன், அப்புறம் வாங்க" என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறார்களா? கம்ப்யூட்டரைத் திட்டாதீர்கள். அது ஒரு பாவமும் அறியாததாக இருக்கலாம். மாடிப்படிக்கு அடியிலோ, ஸ்டோர் ரூம் மூலையிலோ, தூசி படிந்த இரும்பு அலமாரிக்குள் பச்சை விளக்குகளைச் சிமிட்டியபடி ஒரு தட்டையான பெட்டி உட்கார்ந்திருக்கும். அதன் பெயர் ஸ்விட்ச். மின்விசிறியைச் சுழல விடும் ஸ்விட்ச் அல்ல. ஒரு கட்டடத்தில் உள்ள கம்ப்யூட்டர்களையும் பிரின்ட்டர்களையும் கண்காணிப்பு கேமராக்களையும் ஒன்றோடொன்று பேசவைக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச். டெல்லியின் அமைச்சக அலுவலகங்களிலிருந்து உங்கள் ஊர்க் கல்லூரி வரை இந்தப் பெட்டி இல்லாத இடம் இன்று அபூர்வம். அதைப் பற்றி யோசிப்பவர்களும் அபூர்வம்.

ஒரே ஒரு பெட்டி என்றால் பிரச்சினை சின்னது. பல பெட்டிகளைக் கட்டி மேய்ப்பதுதான் விவகாரம். அவற்றை ஒன்றாகப் பிணைத்து, ஒரே பெட்டிபோல நடத்துவது என்பது சுமார் கால் நூற்றாண்டாக இந்தத் தொழில் சொல்லிவரும் விடை. வசதியான விடைதான். ஆனால் வசதிக்கு ஒரு விலை உண்டு. அந்த விலையை யாரும் பில்லில் எழுதுவதில்லை.

முதலில் கொஞ்சம் பழைய கதை. 1973இல் அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சிக்கூடத்தில் ராபர்ட் மெட்காஃப் ஈதர்நெட் என்ற முறைக்கு வித்திட்டபோது, எல்லாக் கம்ப்யூட்டர்களும் ஒரே கேபிளில் தொங்கின. ஒன்று பேசினால் எல்லாவற்றுக்கும் கேட்கும். இரண்டு ஒரே நேரத்தில் பேசினால் மோதல். இரண்டும் நிறுத்திவிட்டு மறுபடி முயல வேண்டும். திண்ணையில் பத்துப் பேர் கூடிப் பேசுவது போன்ற ஏற்பாடு. பத்துப் பேருக்கு சரி. நூறு பேரானால் கூச்சல்தான் மிஞ்சும்.

இந்தக் கூச்சலை அடக்கிய பெட்டிக்கு ஓர் இந்தியப் பெண்ணின் பெயர் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. இந்திய வம்சாவளித் தொழில்முனைவர் வினோத் பரத்வாஜ் கலிபோர்னியாவில் 1987இல் தொடங்கிய நிறுவனத்தின் பெயர் கல்பனா. அது அவர் மனைவியின் பெயர். 1990 வாக்கில் கல்பனா நிறுவனம் ஏழு வாசல்கள் கொண்ட ஈதர்நெட் ஸ்விட்சை விற்பனைக்குக் கொண்டுவந்தது. எந்தக் கம்ப்யூட்டர் எந்த வாசலில் இருக்கிறது என்பதை அந்தப் பெட்டி கவனித்து நினைவில் வைத்துக்கொள்ளும். வந்த தகவலை ஊருக்கெல்லாம் கூவாமல், உரிய வாசலில் மட்டும் கொண்டுபோய்ச் சேர்க்கும். தெருவையே எழுப்பிவிடும் தண்டோராக்காரருக்கும் வீட்டுக்கு வீடு கடிதம் கொடுக்கும் தபால்காரருக்கும் உள்ள வித்தியாசம். 1994இல் கல்பனாவை சிஸ்கோ நிறுவனம் வாங்கிக்கொண்டது. பெயர் மறைந்தது, பெட்டி உலகமெங்கும் பரவியது.

ஏழு பெட்டி, ஏழு பூட்டு

இப்போது ஒரு நடுத்தர மருத்துவமனையை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து மாடி. கம்ப்யூட்டர், ஸ்கேன் எந்திரம், கேமரா, வை-ஃபை கருவி எல்லாமாகச் சேர்த்து முன்னூறு இணைப்புகள். ஒரு ஸ்விட்சில் நாற்பத்தெட்டு வாசல். ஆக, குறைந்தது ஏழு பெட்டிகள் தேவை. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு தனி முகவரி, ஒரு தனி பாஸ்வேர்டு, ஒரு தனி அமைப்புக் கோப்பு. கணக்குப் பிரிவின் தகவல் போக்குவரத்தை நோயாளிகளின் வை-ஃபையிலிருந்து பிரித்து வைக்க வேண்டுமானால் ஏழு பெட்டியிலும் உள்ளே போய் ஒரே மாற்றத்தை ஏழு முறை செய்ய வேண்டும். ஆறில் செய்து ஒன்றில் மறந்தால் போதும். மூன்றாவது மாடியில் மட்டும், சில நேரம் மட்டும், ஏதோ ஒன்று வேலை செய்யாது. அதைக் கண்டுபிடிப்பதற்குள் பொறுப்பாளருக்கு ஒரு வாரத் தூக்கம் போய்விடும்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. பாதுகாப்புக்காகப் பெட்டிகளுக்கிடையே இரண்டு கேபிள்கள் போடுவார்கள். ஒன்று அறுந்தால் இன்னொன்று. ஆனால் இரண்டு வழி இருந்தால் ஒரு வட்டமும் இருக்கிறது என்று அர்த்தம். எல்லோருக்குமான ஓர் அறிவிப்பு அந்த வட்டத்தில் நுழைந்தால் சுற்றிக்கொண்டே இருக்கும். ஈதர்நெட் தகவலுக்கு ஆயுள் வரம்பு கிடையாது. சுற்றச் சுற்றப் பெருகி, சில நொடிகளில் நெட்வொர்க்கையே அமுக்கிவிடும். இதைத் தடுக்க 1985இல் ராடியா பெர்ல்மன் என்ற அமெரிக்கப் பெண் பொறியாளர், டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் இருந்தபோது ஒரு வழி கண்டார். பெட்டிகள் தங்களுக்குள் பேசி, வட்டம் வராதபடி ஒரு மரத்தின் கிளைகள்போலத் தங்களை அமைத்துக்கொள்ளும். உபரி கேபிள்கள் காத்திருப்பில் கிடக்கும். அற்புதமான யோசனை. இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு. அதன் வழக்கமான கால அளவுகளின்படி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஏழு பெட்டிகளுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது பரிந்துரை.

எல்லையைத் தாண்டினால் என்ன ஆகும்? பாஸ்டன் நகரின் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனை 2002 நவம்பரில் தெரிந்துகொண்டது. ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியோடு இணைந்த, அமெரிக்காவின் முன்னணி மருத்துவமனைகளில் ஒன்று. கம்ப்யூட்டர்மயத்தில் முன்னோடி என்று பெயர் வாங்கியது. ஆண்டுக்கணக்கில் பெட்டியோடு பெட்டியாகச் சேர்த்துக்கொண்டே போன நெட்வொர்க், அந்த ஏழு என்ற எல்லையைத் தாண்டியிருந்தது. நவம்பர் 13ஆம் தேதி திடீரென்று பெருகிய போக்குவரத்தில் பெட்டிகளுக்கிடையேயான உடன்பாடு குலைந்தது. வட்டங்கள் உண்டாயின. நெட்வொர்க் எழுவதும் விழுவதுமாக இருந்தது. பரிசோதனை முடிவுகள், மருந்துச் சீட்டுகள், நோயாளியின் பழைய விவரங்கள் எல்லாம் எட்டாமல் போயின. கிட்டத்தட்ட நான்கு நாட்கள் அந்த மருத்துவமனை காகிதத்துக்கும் பேனாவுக்கும் திரும்பியது. ஆய்வுக்கூடத்து முடிவுகளை ஆட்கள் ஓடி ஓடிக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். கையால் மருந்துச் சீட்டு எழுதியே பழக்கமில்லாத இளம் டாக்டர்களுக்கு மூத்தவர்கள் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. தகவல் பிரிவின் தலைவர் ஜான் ஹலாம்கா, அவரே ஒரு டாக்டர், நடந்ததை மறைக்காமல் வெளியே சொன்னார். நெட்வொர்க் நிர்வாகிகள் இன்றுவரை அந்தப் பாடத்தைப் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

தேர்தல் நடக்கும் அலமாரி

பல பெட்டிகளை ஒன்றாக நடத்தும் யோசனை இந்தப் பின்னணியில்தான் செல்வாக்கு பெற்றது. அது இரண்டு வடிவங்களில் வந்தது. இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

முதலாவது, கூட்டம். ஆங்கிலத்தில் கிளஸ்டர். 1990களின் இறுதியில் சிஸ்கோ கொண்டுவந்த ஏற்பாட்டில் பதினாறு ஸ்விட்சுகள் வரை ஒரு கூட்டமாகச் சேரலாம். அவை வெவ்வேறு மாடியில், வெவ்வேறு கட்டடத்தில்கூட இருக்கலாம். ஒன்றுக்கு மட்டும் வெளியுலக முகவரி. அது கட்டளைப் பெட்டி. நிர்வாகி அதன் வாசலில் போய் நின்றால் போதும், மற்ற பதினைந்தையும் அதன் வழியாகப் பார்க்கலாம், மாற்றலாம். ஆனால் ஒவ்வொரு பெட்டிக்கும் சொந்த மூளை உண்டு. கட்டளைப் பெட்டி செத்தாலும் மற்றவை தம் வேலையைச் செய்துகொண்டிருக்கும். நிர்வாகிக்கு வசதி போகும், அவ்வளவுதான்.

இரண்டாவது, அடுக்கு. டெக்னீஷியன்கள் 'ஸ்டாக்' என்பார்கள். 2003இல் வந்த சிஸ்கோவின் கேட்டலிஸ்ட் 3750 இதற்கு நல்ல உதாரணம். ஒன்பது பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக ரேக்கில் அடுக்கி, முதுகுப் பக்கத்தில் தடிமனான தனிக் கேபிள்களால் மாலைபோலக் கோர்த்துவிட வேண்டும். கடைசிப் பெட்டியிலிருந்து முதல் பெட்டிக்கும் ஒரு கேபிள். அவ்வளவுதான், ஒன்பதும் ஒன்றாகிவிடும். ஒரே முகவரி, ஒரே பாஸ்வேர்டு, ஒரே அமைப்புக் கோப்பு. நானூற்று முப்பத்திரண்டு வாசல் கொண்ட ஒரே ராட்சசப் பெட்டி. வெளியே இருந்து பார்க்கும் மற்ற ஸ்விட்சுகளுக்கும் அது ஒன்றாகத்தான் தெரியும். அந்த ஏழு என்ற கணக்கிலும் ஒன்பது பெட்டி சேர்ந்து ஒன்றாகவே எண்ணப்படும். பாஸ்டன் போன்ற இடங்களில் தலைவலியாக இருந்த நீளம் இப்படிச் சுருங்கிவிடுகிறது. ஜூனிப்பர் நிறுவனம் 2008இல் பத்துப் பெட்டிகளை இதேபோலக் கட்டும் தன் வடிவத்தோடு வந்தது. மற்ற நிறுவனங்களும் ஆளுக்கொரு பெயர் வைத்து இதையே விற்கின்றன.

அடுக்குக்குள் ஒரு குட்டி ஜனநாயகம் நடக்கிறது. மின்சாரம் வந்தவுடன் பெட்டிகள் தங்களுக்குள் ஒரு தலைவரைத் தேர்ந்தெடுக்கின்றன. எந்தத் தகவல் எங்கே போகும் என்ற சிந்தனையெல்லாம் தலைவருடையது. மற்றவை அவர் அனுப்பும் அட்டவணையை வைத்துக்கொண்டு உழைக்கும் கைகள். அமைப்புக் கோப்பின் நகல் எல்லோரிடமும் இருக்கும். தலைவர் விழுந்தால் இன்னொருவர் அந்த இடத்துக்கு வருவார். சங்கிலியில் ஒரு கேபிள் அறுந்தாலும் தகவல் எதிர்ப்பக்கமாகச் சுற்றிப் போய்ச் சேரும். வேகம் பாதியாகும், வேலை நிற்காது.

தேர்தல் விதிதான் சுவாரசியம். நிர்வாகி ஒவ்வொரு பெட்டிக்கும் ஒன்று முதல் பதினைந்து வரை ஒரு முன்னுரிமை எண் கொடுக்கலாம். பெரிய எண்ணுக்குத் தலைமை. அவர் எதையும் கொடுக்காவிட்டால் எல்லாப் பெட்டிக்கும் எண் ஒன்றுதான். மற்ற தகுதிகளிலும் சமநிலை என்றால், தொழிற்சாலையில் பொறித்த வன்முகவரி யாருக்குச் சிறியதோ அவரே தலைவர். இந்த எண்கள் பெரும்பாலும் வரிசையாகக் கொடுக்கப்படுபவை. சிறிய எண் என்றால் பழைய பெட்டி என்று அர்த்தம். ஆக, கரண்ட் போய்த் திரும்பி, ஒன்பதும் ஒரே நேரத்தில் கண்விழித்தால், கூட்டத்திலேயே வயதான, ஃபேன் இரைகிற பெட்டி தலைமையில் உட்கார வாய்ப்பு அதிகம். எங்கே அடிக்கடி கரண்ட் போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த எண்ணைப் போட இரண்டு நிமிடம் ஆகும்.

இன்னொரு பொறி. புதுப் பெட்டி வருகிறது. இளைஞர் ஒருவர் ஆர்வத்தோடு அதற்கு மின்சாரம் கொடுத்து, விளக்கு எரிவதைப் பார்த்துவிட்டு, பிறகு பின்பக்கக் கேபிளைச் செருகுகிறார். அந்த நொடியில் இரண்டு தலைவர்கள் சந்திக்கிறார்கள். புதிதாக வந்தது தனியாளாக இருந்தாலும், அதுவும் தன் மட்டில் ஒரு தலைவர்தானே? மறுபடியும் தேர்தல். தோற்ற தரப்பில் உள்ள பெட்டிகள் அத்தனையும் அணைந்து எழும். தோற்றது ஒற்றைப் புதுப் பெட்டியானால் பிழைத்தீர்கள். வேறெங்கோ பெரிய முன்னுரிமை எண்ணோடு வேலை பார்த்துவிட்டு வந்த பெட்டி என்றால், கட்டடம் முழுவதும் இருண்டு, எழும்போது புதியவரின் அமைப்போடு எழுந்து நிற்கும். முதலில் கேபிள், பிறகு மின்சாரம். இந்த நான்கு வார்த்தையை ரேக் கதவில் எழுதி ஒட்டலாம்.

இரண்டு தலை வந்தால்

ஒரு கேபிள் அறுந்தால் தாங்கும். இரண்டு இடத்தில் அறுந்தால்? அடுக்கு இரண்டு துண்டாகும். தலைவர் இல்லாத துண்டு, தலைவர் இறந்துவிட்டார் என்று முடிவுகட்டி இன்னொருவரைத் தேர்ந்தெடுக்கும். இரண்டு துண்டிடமும் அதே அமைப்புக் கோப்பு, அதே முகவரி. 'நான்தான் அவன்' என்று இருவரும் அடித்துச் சொல்வார்கள். நெட்வொர்க் தொழிலில் இதைவிட மோசமான நிலை அதிகம் இல்லை. செத்த பெட்டி மௌனமாக இருக்கும், கண்டுபிடித்துவிடலாம். இரண்டு உயிருள்ள தலைகள் பொய்யும் மெய்யுமாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் எதை நம்புவது?

இதற்கு நிறுவனங்கள் கண்ட தீர்வுகள் அரசியல் சாசன அறிஞர்களுக்குப் பிடிக்கும். பிளவில் சிறுபான்மையாகிப்போன துண்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பது ஒரு வழி. இரண்டே பெரிய பெட்டிகளைப் பிணைக்கும் சிஸ்கோவின் இன்னோர் ஏற்பாட்டில் விதி வேறு. இருவரும் தலைவர் என்று தெரிந்ததும் பழைய தலைவர் தன் வாசல்களை மூடிக்கொண்டு விலகிவிடுவார், புதியவர் தொடர்வார். இதற்காகவே இருவருக்கும் இடையே ஒரு தனித் தந்தி போட்டு வைப்பார்கள், மற்றவர் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டுக்கொள்ள. அந்தத் தந்தியைப் போடாமல் விடுவது, ஸ்டெப்னி இல்லாமல் மலை ஏறுவது போல.

இதையெல்லாம் சமாளித்துவிடலாம். சமாளிக்க முடியாதது ஒன்று உண்டு. ஒரே மூளை என்றால் நோயும் ஒரே நோய். தலைவரின் சாஃப்ட்வேரில் உள்ள பிழை ஒன்பது பெட்டிக்கும் பொது. அடுக்கின் சாஃப்ட்வேரைப் புதுப்பிக்க வேண்டுமானால் பொதுவாக ஒன்பதும் ஒரே நேரத்தில் அணைந்து எழ வேண்டும். அது பல நிமிட வேலை. கல்லூரிக்கு ஞாயிற்றுக்கிழமை உண்டு. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு ஞாயிறு கிடையாது. அதனால் பல இடங்களில் புதுப்பிப்பதையே தள்ளிப்போடுகிறார்கள். தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதற்கும் வரலாறு இருக்கிறது.

2017 மார்ச்சில் விக்கிலீக்ஸ், அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ.வின் ஆவணங்கள் என்று சொல்லி ஒரு மூட்டையை அவிழ்த்தது. அதைப் படித்துப் பார்த்த சிஸ்கோ, சில நாட்களில் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. நான் மேலே சொன்ன அந்தக் கூட்ட ஏற்பாட்டில், பெட்டிகள் தங்களுக்குள் கட்டளை பரிமாறிக்கொள்ள டெல்நெட் என்ற பழைய முறையைப் பயன்படுத்தி வந்தன. வீட்டுக்குள் பேச வைத்த அந்த மொழியை வாசலில் நின்று பேசும் அந்நியரிடமும் பெட்டி ஏற்றுக்கொண்டது. சரியான விதத்தில் கோணலான ஒரு செய்தியை அனுப்பினால் பெட்டி முழுவதும் அனுப்பியவர் கைக்குப் போய்விடும். பாதிக்கப்பட்ட மாடல்கள் 318. இதில் கொடுமை என்னவென்றால், கூட்ட ஏற்பாட்டை ஒருபோதும் பயன்படுத்தாத பெட்டியிலும் அந்தக் காது திறந்தே இருந்தது. திருத்தம் வந்தது 2017 மே மாதம். அதுவரை டெல்நெட்டை மூடுவதுதான் ஒரே பரிகாரம்.

அடுத்த ஆண்டே இன்னொன்று. புதுப் பெட்டிகளைத் தொலைவிலிருந்தே தானாக அமைத்துக்கொடுக்க ஸ்மார்ட் இன்ஸ்டால் என்று ஒரு வசதி. ஓர் 'இயக்குநர்' சொல்வதைப் பெட்டிகள் கேட்கும். இயக்குநர் உண்மையானவரா என்று கேட்கும் பழக்கம் மட்டும் அவற்றுக்குக் கிடையாது. 2018 ஏப்ரலில் யாரோ சிலர் இணையத்தில் திறந்து கிடந்த பெட்டிகளைத் தேடிப்பிடித்து, அமைப்புக் கோப்பை அழித்து, அமெரிக்கக் கொடியின் படத்தை வைத்துவிட்டுப் போனார்கள். ஈரானும் ரஷ்யாவும் அடிபட்டன. உலகம் முழுவதும் சுமார் 2 லட்சம் பெட்டிகள், தங்கள் நாட்டில் 3,500 என்று ஈரான் அரசு அறிவித்தது.

இரண்டு சம்பவங்களிலும் குற்றம் ஒன்றுதான். பலவற்றை ஒரே கையால் இயக்க ஒரு கைப்பிடி வைத்தார்கள். அந்தக் கைப்பிடியை யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம் என்பதைக் கவனிக்கவில்லை.

திருடன் வர வேண்டும் என்றுகூட இல்லை. 2021 அக்டோபர் 4ஆம் தேதி இரவு ஒன்பது மணியைத் தாண்டி இந்தியாவில் வாட்ஸ்அப் மௌனமானது நினைவிருக்கிறதா? ஃபேஸ்புக் நிறுவனத்தின் வழக்கமான பராமரிப்பு வேலையில் கொடுத்த ஒரு கட்டளை, அதன் தகவல் மையங்களை இணைக்கும் முதுகெலும்பு முழுவதையும் துண்டித்தது. இப்படிப்பட்ட கட்டளையைத் தடுக்க வேண்டிய காவல் சாஃப்ட்வேரிலும் பிழை. பழுதுபார்க்கும் கருவிகளும் அதே நெட்வொர்க்கை நம்பியிருந்தன. மீண்டு வர ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அது ஸ்விட்ச் அடுக்கு அல்ல. ஆனால் தத்துவம் அதேதான். ஒரே கட்டளை எல்லாவற்றையும் ஆக்கும் என்றால், ஒரே கட்டளை எல்லாவற்றையும் அழிக்கவும் செய்யும்.

கையாள்வது ஒன்று, சிந்திப்பது வேறு

அப்படியானால் பழையபடி ஏழு பெட்டி, ஏழு பூட்டு என்று திரும்பிவிடலாமா? கூடாது. கையால் ஏழு முறை செய்யும் வேலையில் தவறு வராமல் இருக்காது. கேள்வியைச் சரியாகக் கேட்க வேண்டும். ஒன்றாக்க வேண்டியது கையாளும் முறையையா, மூளையையா?

உலகின் மிகப் பெரிய தகவல் மையங்களை நடத்துபவர்கள் இந்த வேறுபாட்டை நன்கு புரிந்துவைத்திருக்கிறார்கள். அவர்களிடமும் ஒருமித்த கருத்து இல்லை என்பது வேறு விஷயம். ஆயிரக்கணக்கான ஸ்விட்சுகளை மையக் கட்டுப்பாட்டில் ஒரே எந்திரம்போல இயக்கும் தன் ஜூப்பிட்டர் அமைப்பை கூகுள் 2015இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டது. அதற்கென்றே சொந்தமாகப் பெட்டியும் சாஃப்ட்வேரும் செய்யும் படை அவர்களிடம் இருக்கிறது. 2016இல் இணையத் தொழில்நுட்ப அமைப்பு வெளியிட்ட ஆவணம் ஒன்று வேறு வழியைக் காட்டியது. ஒவ்வொரு பெட்டிக்கும் சொந்த மூளை. பக்கத்துப் பெட்டியோடு, இணையம் முழுவதும் பழகிய அதே பி.ஜி.பி. மொழியில் பேசிக்கொள்ளட்டும். ஒரு பெட்டி செத்தால் அது மட்டும் சாகும். அமைப்புக் கோப்புகளை மட்டும் ஓர் இடத்தில் எழுதி, சரிபார்த்து, சாஃப்ட்வேர் வழியாக எல்லாவற்றுக்கும் அனுப்பலாம். முதலில் ஒன்றுக்கு, சரியாக இருந்தால் பத்துக்கு, பிறகு மற்றவற்றுக்கு. கை ஒன்று, மூளை பல.

இது பெரிய இடத்து விவகாரம். ஒரே ஒரு சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டரை வைத்துக் காலம் தள்ளும் கல்லூரியோ மருத்துவமனையோ என்ன செய்வது? அடுக்கு அவர்களுக்கு நல்ல கருவிதான், அதன் எல்லை தெரிந்திருந்தால். ஒரு ரேக்கில், ஒரு மாடியில் உள்ள பெட்டிகளை அடுக்காகக் கட்டுங்கள். கட்டடம் முழுவதையும் ஒரே அடுக்காக்காதீர்கள். மேலிணைப்புக் கேபிள்கள் இரண்டையும் அடுக்கின் இரண்டு வெவ்வேறு பெட்டிகளில் செருகுங்கள். பல கேபிள்களை ஒன்றாகப் பிணைக்கும் இந்த வித்தையும் கல்பனா நிறுவனத்தின் கொடைதான். ஒரு பெட்டி கருகினாலும் மாடி உயிரோடு இருக்கும். தீவிர சிகிச்சைப் பிரிவு போன்ற இடத்தில் கருவிகளை இரண்டு தனித்தனி அடுக்குகளில் பிரித்துப் போடுங்கள். ஒன்றைப் புதுப்பிக்கும்போது மற்றது வேலை செய்யும். டெல்நெட்டையும் பயன்படுத்தாத வசதிகளையும் மூடுங்கள். நிர்வாக வாசலுக்குத் தனி வழி வையுங்கள். அமைப்புக் கோப்பின் நகலை அந்த நெட்வொர்க்குக்கு வெளியே ஓரிடத்தில் வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது, விடுமுறை நாளில், வேண்டுமென்றே ஒரு கேபிளைப் பிடுங்கி என்ன நடக்கிறது என்று பாருங்கள். பிடுங்கத் தைரியம் இல்லையென்றால், அந்தப் பாதுகாப்பு காகிதத்தில்தான் இருக்கிறது.

கடைசியாக, டெல்லியின் கவனத்துக்கு ஒன்று. அடுக்குக்குப் பொது இலக்கணம் கிடையாது. ஒரு நிறுவனத்தின் பெட்டியோடு இன்னொன்றின் பெட்டி சேராது. ஒரே நிறுவனத்தின் வெவ்வேறு வரிசைப் பெட்டிகளே பல சமயம் சேர்வதில்லை. அரசு நிறுவனங்களில் பெரும்பாலும் குறைந்த விலை சொன்னவருக்கே ஆர்டர். இந்த ஆண்டு ஐந்து பெட்டி ஒருவரிடம், அடுத்த ஆண்டு மூன்று பெட்டி இன்னொருவரிடம் என்றால் அலமாரியில் எட்டுப் பெட்டி இருக்கும், அடுக்கு இருக்காது. ஏற்கெனவே உள்ள கருவிகளோடு ஒத்துப்போக வேண்டும் என்று தொழில்நுட்ப வல்லுநர் பரிந்துரைத்து, உரிய அதிகாரி ஒப்புக்கொண்டால் ஒரே நிறுவனத்திடம் வாங்க 2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகள் இடம் தருகின்றன. அந்தக் கையெழுத்தைப் போட அதிகாரிகள் தயங்குகிறார்கள் என்றால் காரணம் தணிக்கை பயம். தயக்கம் முழுக்கத் தவறும் அல்ல. ஒரே நிறுவனத்திடம் கட்டுண்டு கிடப்பதும் ஆபத்தே. நியாயமான வழி, வாங்கும்போதே ஐந்தாண்டுத் தேவையைக் கணக்கிட்டு, எந்த இடத்தில் அடுக்கு வேண்டும், எங்கே எல்லோருக்கும் பொதுவான தரமே போதும் என்று டெண்டரில் பிரித்து எழுதுவது. அதை எழுதத் தெரிந்த ஒருவரை மேஜையில் உட்கார வைப்பதற்கு ஆகும் செலவு, ஒரு பெட்டியின் விலையைவிட அதிகம் இருக்காது.

ஒன்பது பேருக்கு ஒரு தலைவர் என்பது நிர்வாகத்துக்கு வசதி. அந்தத் தலைவர் தூங்கினால் யார் விழித்திருப்பார் என்ற கேள்விக்கும் பதில் வைத்திருந்தால்தான் அது நிர்வாகம். இல்லாவிட்டால் கவுன்ட்டரில் இருப்பவர் அதே பல்லவியைத்தான் பாடுவார்: சிஸ்டம் டவுன், அப்புறம் வாங்க.